விலகிக்கொடுக்கத் தெரிந்த வண்டி

1786-இல் மலேசியாவின் பினாங்குத் தீவில் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் ஜார்ஜ் டவுன் நகருக்குக் கோடு கிழித்தபோது உருவான முதல் தெருக்களில் ஒன்று சூலியா தெரு. தொடக்கத்தில் மலபார் தெரு என்று அழைக்கப்பட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களான சூலியாக்கள் பிறகு அதற்குத் தங்கள் பெயரைக் கொடுத்தார்கள். நாகூர் தர்காவும் நூர்தீன் குடும்பச் சமாதியும் இன்றும் இந்தத் தெருவில்தான் இருக்கின்றன. ஆளும் மாடும் நடப்பதற்காக வகுத்த அகலம் இது. கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதை நடப்பவருக்கென்றே வந்தது. அதைக் கடைச் சரக்கு பிடித்துக்கொள்ள, நடப்பவர் மறுபடியும் தெருவில் இறங்கினார். அன்று முதல் இங்கே எந்த வண்டி வந்தாலும், எதிரே வருபவருக்கு அது விலகிக்கொடுக்குமா என்பதே அதன் பாதுகாப்புக்கு உரைகல்லாக இருந்து வந்திருக்கிறது. ஓட்டுநர் இல்லாமல் ஓடும் காருக்கும் இதே உரைகல்தான் என்பது என் வாதம்.

டிராமைப் பாருங்கள். பினாங்கில் 1880-களில் நீராவி டிராமும் 1906-இல் மின்சார டிராமும் வந்தன. தண்டவாளத்தில் ஓடும் வண்டியால் விலக முடியாது; மற்ற எல்லோரும்தான் அதற்கு விலக வேண்டும். 1925-இல் வந்த டிராலி பஸ்ஸோ கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்தபடியே சில அடி ஒதுங்கி, ஓரத்தில் நின்று ஆளை இறக்கும். 1936-க்குள் டிராம் முழுவதுமாக ஒழிந்தது. செலவும் தேய்ந்த தண்டவாளமும் அதற்குக் காரணங்கள் என்பதை மறுக்கவில்லை; ஆனாலும் நெரிசலான தெருவுக்கு ஒதுங்கத் தெரிந்த வண்டியே பொருந்தியது. சூலியா தெருவும் பினாங்கு சாலையும் கூடும் முனையில் பிற்காலத்தில் வெளிப்பட்ட தண்டவாளத் துண்டு அந்தக் காலத்தின் எச்சம். பினாங்கின் ட்ரைஷா, அதாவது பெச்சா, இன்னும் நுட்பமானது. சிங்கப்பூரில் பயணி மிதிப்பவருக்குப் பக்கத்தில் உட்காருவார். இங்கே முன்னால் உட்காருகிறார். முன்னே இரண்டு சக்கரம், பின்னே ஒன்று. விலகிக்கொடுக்கத் திரும்பும்போது பிரேக் பிடித்தால் பாரம் முன்னாலும் வெளிப்பக்கமும் சாயும். அந்த மூலையில் சக்கரம் இருப்பதால் வண்டி தாங்கிக்கொள்கிறது. முன்னே ஒற்றைச் சக்கரம் உள்ள மூன்று சக்கர வண்டியில் பாரம் போய்ச் சேரும் மூலையில் தாங்க ஒன்றுமில்லை. அதனால் எளிதில் கவிழும். இன்று வாகன இயக்கவியல் என்று பொறியியல் கல்லூரிகளில் சமன்பாடாகப் படிப்பது இதைத்தான்.

தானியங்கிக் கார் மனிதனைவிட வேகமாக உணர்ந்து பிரேக் பிடிக்கும், பிறகென்ன கவலை என்று கேட்கலாம். உணரும் நேரம் குறையும், உண்மை. டயருக்கும் தாருக்கும் உள்ள பிடிமானம் மாறாதே. காய்ந்த சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் பிரேக் பிடித்த பிறகு நிற்க ஏறக்குறைய 5 மீட்டர் வேண்டும். 50 கிலோமீட்டரில் 14 மீட்டர். மழை பெய்தால் இன்னும் நீளும். ஐந்தடி நடைபாதையின் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை இறங்கினால், எந்தக் கேமராவும் லேசரும் தூணை ஊடுருவிப் பார்க்காது. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபரின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 விநாடிக்கு முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வாகனம், சைக்கிள், வேறு ஏதோ என்று மாறி மாறி வகைப்படுத்திக்கொண்டே இருந்தது. கடக்கும் கோடு இல்லாத இடத்தில் மனிதர் கடப்பார் என்பது அதன் கணக்கிலேயே இல்லை என்று விசாரணை சொன்னது. சூலியா தெருவில் கோட்டில் மட்டும் கடப்பவர் எத்தனை பேர்?

அப்படியானால் இங்கே வாகனத்தையே தடுத்துவிடலாமே என்பது நியாயமான கேள்வி. ஆனால் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்த நகரம் பொருட்காட்சி அல்ல. கடைக்குச் சரக்கு வர வேண்டும், முதியவர் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களும் இந்தத் தெருவில்தான் வளைந்து நெளிந்து போகிறார்கள். அகன்ற நெடுஞ்சாலையில் தேறிய கார் இவர்களுக்கு விலகிக்கொடுக்கும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. தானியங்கி வாகனத்தை ஆராயும் பொறியாளர்கள் தங்கள் சோதனைக் களமாக முதலில் இப்படிப்பட்ட தெருவை எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே தேறாத காருக்கு உரிமம் தரக் கூடாது.