கிழக்கே பொங்கும் பால்

தைப்பொங்கலன்று எங்கள் பக்கத்தில் முற்றத்தை மெழுகிக் கோலமிட்டு, மூன்று கல் அடுப்பில் புதுப்பானை வைப்பார்கள். பால் முதலில் கிழக்குப் பக்கமாக வழிந்தால் அந்த வருடம் நல்லாயிருக்கும் என்பது நம்பிக்கை. (அதற்காகவே அம்மா அடுப்புக் கல்லைச் சற்றுச் சரித்து வைப்பார்.) பொங்கியதும் சீனவெடி. வீட்டுப் பெரியவர் மூன்று தரம் பச்சையரிசியை அள்ளிப் போடுவார். வறுத்த பயறு, தேங்காய்ப்பால், சர்க்கரை, கசுக்கொட்டை எல்லாம் அதன்பின் சேரும். முதற் படையல் சூரியனுக்கு.

2010 தைப்பொங்கலுக்கு நாங்கள் முகாமில் இருந்தோம். புதுப்பானை ஏது? அலுமினியச் சட்டியில் பால்மா கரைத்து, நிவாரண அரிசியில் பொங்கினோம். பால் மேற்கே வழிந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் சட்டியைத் திருப்பி வைத்தார். படைத்து முடிய, காணாமற்போன அண்ணாவுக்கும் ஒரு பங்கு எடுத்து மூடி வைத்தார்.