தெருப்படத்தில் நிற்கும் மோட்டார் வண்டி

இம்மலருக்கெனப் பழைய படங்களைத் திரட்டியபோது, பங்குக் குடும்பம் ஒன்றின் பெட்டியிலிருந்து சென்னைப் பாரிமுனையின் தெருப்படம் ஒன்று நம் கைக்கு வந்தது. பின்புறத்தில் பென்சிலால் ‘1938’ என்று எழுதியிருந்தது. குடை பிடித்து நிற்பவர் 1944இல் மறைந்த தம் பாட்டனார் என்றனர் வீட்டார். நாமும் அவ்வாறே அச்சுக்கு எழுதிக் கொடுத்தோம்.

அச்சுப்படியைத் திருத்துகையில்தான் ஓரமாக நின்ற சிறு கார் கண்ணில் பட்டது. உருண்டு திரண்ட உடல். முன்கண்ணாடி நடுவே பிரிந்து இரு துண்டாக இருந்தது. அது மாரிஸ் மைனர். 1948இல் இலண்டன் கண்காட்சியில்தான் அவ்வண்டி முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதற்குப் பத்தாண்டு முன்பே பாரிமுனையில் நிற்க வழி ஏது?

ஆயினும் கார் நமக்குத் தருவது தொடக்க எல்லையை மட்டுமே. மைனருக்கு 1956இல் ஒற்றைக் கண்ணாடி வந்துவிட்டது. அதனால் படம் அதற்கு முந்தியது என்று சொல்லிவிட முடியாது. நம் ஊரில் கார்களுக்கு ஆயுள் கெட்டி! (1957 முதல் 2014 வரை உருவம் பெரிதும் மாறாமல் வந்த அம்பாசிடரை வைத்து ஆண்டு கணிப்பவர் பாடு திண்டாட்டமே.) மறு எல்லையைக் காட்டியது, காருக்குப் பின்னே ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் டிராம். 1895இல் ஓடத் தொடங்கிய சென்னை டிராம் 1953இல் நின்றுபோயிற்று.

ஆகவே ‘1948க்கும் 1953க்கும் இடையில்’ என்று திருத்தினோம். வீட்டாரிடம் சொல்ல இரண்டு நாள் தயங்கினோம். பெரியவர் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் இசைவோடு, படம் இங்கே பெயரின்றி வெளிவருகிறது.