ஆறவைத்துப் பிழியும் மெஷின் பிறந்த கதை

இஸ்திரிப் பெட்டிக்கு விடுதலை என்று சொல்லித்தான் பாலியெஸ்டர் துணி கடைக்கு வந்தது. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் கண்டுபிடித்த இழை அது. அங்கே அதன் பெயர் டெரிலின். ஒரு காலத்தில் நம் ஊரிலும் பெருமையாகப் போட்டுக்கொண்ட அதே டெரிலின். அமெரிக்காவில் ட்யூபான்ட் அதை டேக்ரான் என்று விற்றது. கையால் அலசிச் சொட்டச் சொட்டக் கொடியில் போட்டவர்களுக்கு அந்த வாக்குறுதி பலித்தது. வாஷிங் மெஷினில் போட்டவர்களுக்குப் பலிக்கவில்லை.

காரணம் அந்த இழையின் குணம். சூட்டில் இளகும்; ஆறும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அதிலேயே இறுகும். கால்சட்டையின் மடிப்பு கத்திபோல் நிற்பது இதனால்தான். வெந்நீரில் துவைத்த துணியைச் சூடு தணியாமலே வேகமாகச் சுழற்றிப் பிழிந்தால், தொட்டிச் சுவரில் அழுந்திய கசங்கலும் அப்படியே பதிந்துவிடும்.

இதற்கிடையே பருத்தியையும் கசங்காமல் வைக்கும் வேலை நடந்தது. நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்க வேளாண் துறை ஆய்வுக்கூடத்தில் ரூத் பெனெரிட்டோவும் உடனிருந்தவர்களும் பருத்தியின் மூலக்கூறுகளுக்கு இடையே வேதிப் பாலம் போட்டார்கள். கலிஃபோர்னியாவின் கோரெட் நிறுவனம் தைத்து முடித்த உடையையே சூட்டடுப்பில் வைத்து, துணியில் ஏற்றியிருந்த பிசினை இறுகச் செய்தது. 1964இல் லீவைஸின் ஸ்டா-பிரெஸ்ட் கால்சட்டைகள் வந்தன. பிசின் ஏறிய பருத்தி வலுவிழந்ததால், ஈடுகட்டப் பாலியெஸ்டர் கலந்தார்கள். ஆக, சலவைக்கு வந்த துணியில் பாதி மறுபடியும் சூட்டுக்கு இளகும் இழை.

அந்த 1960களில்தான் அமெரிக்க மெஷின்களின் திருகுக் குமிழில் ‘பெர்மனென்ட் பிரெஸ்’ என்ற புது இடம் முளைத்தது. அதன் நடப்பை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். துவைத்து முடிந்ததும் தண்ணீர் முழுவதும் போகாது. ஒரு பகுதி வடிந்ததும் பம்ப் நிற்கும். குளிர்நீர் வால்வு திறக்கும். தொட்டி திரும்ப நிரம்ப, நடுவில் நிற்கும் துடுப்பு துணியை அலைக்கும். மிதந்தபடியே, எங்கும் அழுந்தாமல், துணி ஆறும். அதன் பிறகுதான் முழு வடிப்பும், வேகம் குறைத்த பிழிதலும். இரண்டு வேகத்தில் ஓடும் மோட்டாரும், மெல்லச் சுற்றி மின்தொடுப்புகளைத் திறந்து மூடும் ஒரு டைமரும் இதைச் செய்தன. கணினிச் சில்லு எதுவும் கிடையாது. உலர்த்தும் மெஷினிலும் இதே யோசனைதான்: கடைசிச் சில நிமிடம் சூடு அணைந்துவிடும், உருளை மட்டும் சுற்றும்.

கசங்காத சட்டை என்ற பெயரைத் துணிக் கம்பெனிகள் வாங்கிக்கொண்டன. பிழிவதற்கு முன் குளிர்நீருக்காக நின்ற அந்தச் சில நிமிடத்துக்கும் அதில் சரிபாதி பங்கு உண்டு என்பேன்.

அப்படிப்பட்ட பழைய மெஷின் இன்றும் ஓடும் வீடுகளில் தொட்டியை அடைக்கக் கூடாது. துணி மிதக்க இடமில்லை என்றால், எவ்வளவு குளிர்நீர் விட்டாலும் நெரிசலிலேயே ஆறி, கசங்கலோடுதான் வெளியே வரும்.