மகாத்தில் தள்ளிவைத்த போராட்டம்

தோழர்களே, தலைமை என்றால் முன்னே நடப்பது என்கிறோம். 1927 மார்ச் 20 அன்று மகாத்தின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்திய அம்பேத்கர் அப்படித்தான் நடந்தார்.

டிசம்பரில் வந்த சோதனை வேறு. சாதி இந்துக்கள் நீதிமன்றத் தடை வாங்கியிருந்தார்கள். சிறைக்கும் அஞ்சாமல் ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தார்கள். 25ஆம் தேதி மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. குளத்தில் இறங்குவதை மட்டும் தள்ளிவைக்கச் சொன்னார் அம்பேத்கர். மக்கள் குளத்தைச் சுற்றி ஊர்வலம் வந்து கலைந்தார்கள்.

கைத்தட்டலுக்கான முடிவல்ல அது. ஆனால் வழக்கு கைவிடப்படவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1937இல், பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது.

‘பொறுத்திருங்கள்’ என்று இன்றும் நம்மிடம் சொல்கிறார்கள். அப்படிச் சொல்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: நாங்கள் பொறுத்திருந்த காலத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?