பூவரசம்பூவும் ஒரு சிப்பாயும்

தொண்டைமானாற்றில் எங்கள் வளவு வேலியில் பூவரசு நிற்கிறது. "இது ஒரு காலம் அரசியல் செய்த பூ" என்றால் என் மாணவர்கள் சிரிப்பார்கள்.

முதலாம் உலக மகா யுத்தத்தின் பின், நவம்பர் 11ஆம் திகதிகளில் இலங்கையிலும் பொப்பி மலர் விற்கப்பட்டது. சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே சென்றது. அதே யுத்தத்துக்குச் சென்று திரும்பிய இலங்கைப் படைவீரருக்குக் கிடைத்ததோ சொற்பம். முன்னாள் படைவீரரான ஈலியன் பெரேரா இதைப் பொறுக்காமல், 1931இல் போட்டியாகச் 'சூரிய மல்' விற்பனையைத் தொடங்கினார். சூரிய மல் என்பது நமது பூவரசம்பூதான்.

1933இல் டோரீன் யங் போன்றோரும் கொழும்பின் இடதுசாரி இளைஞரும் அதை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்த்தனர். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது அத்தொண்டர்கள் கிராமங்களில் மருந்தும் உணவும் வழங்கினர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது.

நமது வரலாறு இதைப் பெருமையோடு சொல்கிறது, எனக்கும் பெருமைதான். ஆனால் முதற்பூ விற்கப்பட்டது ஒரு வறிய சிப்பாயின் அடுப்புக்காக. இயக்கம் வளர வளர, அவன் கதையிலிருந்து விலகிப் போனான். அடுத்த நவம்பரில் என் பாடத்தை அவனிலிருந்தே தொடங்குவேன்.