இடுகாடும் பேய்க்கதையும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து நினைவிடங்கள்

ஊர் வரலாறு எழுதப் புகுவோர் கோயிலையும் கோட்டையையும் முதற்கண் நாடுவர். ஊர்ப்புறத்தே ஒதுங்கிக் கிடக்கும் பழைய இடுகாட்டை நாடுவோர் மிகச் சிலர். அங்கே பேய் உலவும் என்னும் கதை பலரைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. ஆயின் அக்கதையையே ஒரு சான்றாகக் கொண்டு நோக்கின், கல்வெட்டில் இடம்பெறாத மாந்தரின் வரலாறு அதனுள் உறைந்திருத்தல் புலனாகும்.

தமிழில் இடுகாட்டை விரிவாகப் பாடிய காப்பியம் மணிமேகலை. புகாரின் புறத்தே இருந்த சக்கரவாளக் கோட்டத்தைச் சுடுகாட்டுக் கோட்டம் என்றே மக்கள் வழங்கினர் என்கிறார் சீத்தலைச் சாத்தனார். பிணத்தைச் சுடுதல், வெளியே இட்டுவிடுதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியிற் கவித்தல் எனும் ஐவகை வழக்கங்களையும் அவர் அங்கே காட்டுகிறார். அக்கோட்டத்தை ஊரென்று எண்ணி நுழைந்த சார்ங்கலன் எனும் சிறுவன், பேயின் ஆடலைக் கண்டு அஞ்சி, வீடு சேர்ந்து தாயிடம் உரைத்து உயிர் விடுகிறான். தாய் கோதமை சம்பாபதியிடம் நீதி கேட்கிறாள். பேயும் அணங்கும் உயிரை உண்பதில்லை, அறியாமையும் வினையுமே அவனைக் கொண்டுசென்றன என்பது தெய்வத்தின் விடை. பேய்க்கதை சொல்லிக்கொண்டே பேயச்சத்தை மறுத்த அந்தத் துணிவு இன்றும் வியப்புக்குரியது.

சாத்தனார் கூறும் தாழியும் குழியும் கற்பனை அல்ல. வட தமிழகத்தில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பரவலாகக் காணப்படுகின்றன. வட்டமாக நட்ட கற்கள், அவற்றின் நடுவே கற்பலகையால் அமைந்த அறை, உள்ளே எலும்பும் கருப்பு சிவப்பு மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் என்பது அவற்றின் பொது அமைப்பு. விழுப்புரம் மாவட்டத்து உடையார்நத்தத்தில் இத்தகைய ஈமக்காட்டின் இடையே ஆளுருவக் கற்பலகை ஒன்று நிற்கிறது. ஊரார் அதனை விசிறிப்பாறை என்பர். புதைத்தவர் யார், புதையுண்டவர் யார் என்பது மறந்தபின், மக்கள் இவ்விடங்களைப் பாண்டவர் குழி என்றும் குள்ளர் வீடு என்றும் வழங்கலாயினர். பெயர் அழிந்த இடத்தில் கதை குடிபுகுந்தது.

பெயர் நிலைத்த இடத்திலோ நிலைமை வேறு. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் சந்திரநந்தி எனும் சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த செய்தியை வட்டெழுத்துக் கல்வெட்டொன்று கூறுகிறது. அது ஏறத்தாழக் கி.பி. 6ஆம் நூற்றாண்டினது. இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்களும் அக்குன்றில் செதுக்கப்பட்டுள்ளன. சாவு நிகழ்ந்த இடமே எனினும் அது வணக்கத்துக்குரியதாயிற்று. 1714ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானுடன் பொருது மாண்ட தேசிங்கின் கதையும் அவ்வாறே. அவன் தோழன் மோவத்துக்கானுக்கும் அவன் ஏறிய குதிரைக்கும் உரியவை என நீலாம்பூண்டியில் கல்லறைகளைக் காட்டுவர். பாடகர் பாடிப் பரப்பியதால் அவர்கள் வீரராயினர், பேயாகவில்லை.

பேயானோர் யாவர்? நாட்டார் வழக்கில் பேயாகத் திரிவோர் பெரும்பாலும் அகாலச் சாவடைந்தோர்: தற்கொலை செய்துகொண்டோர், மணமாகாது மடிந்தோர், வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்கள். இவர்களுள் கடைசியாகக் கூறியோர்க்கு நம் முன்னோர் ஓர் அரிய கழுவாய் கண்டனர். அதுவே சுமைதாங்கிக் கல். கருவோடு இறந்தவள் சுமந்த பாரம் இறங்கட்டும் என்று, வழிநடப்போர் தலைச்சுமையை இறக்கி வைக்கும் உயரத்தில் இரு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்தினர். ஒருத்தியின் துயரம் ஊரார்க்கெல்லாம் இளைப்பாறும் இடமாயிற்று. தலைச்சுமைக் காலம் போய் லாரிக் காலம் வந்தபின், அக்கற்கள் பயனற்றவை எனக் கருதப்பட்டுச் சாலை விரிவில் பெயர்த்தெறியப்படுகின்றன.

இடுகாட்டச்சத்தை விழாவாகவே மாற்றிய ஊர் மேல்மலையனூர். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியே செல்வோர் அவ்வூரை எளிதில் அடையலாம். சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரமகபாலம் அவன் ஏற்ற பிச்சையையெல்லாம் உண்டுவிட, அங்காளம்மை மயானத்தில் சோற்றைச் சூறையிட்டாள். அதனை உண்ண இறங்கிய கபாலத்தை மிதித்து அடக்கினாள் என்பது தலக்கதை. மாசி மாதத்தில் மகாசிவராத்திரிக்கு மறுநாள் நிகழும் மயானக்கொள்ளையில் தெய்வமே இடுகாட்டுக்கு எழுந்தருள்கிறது. மக்கள் தானியத்தையும் காய்கனிகளையும் கொழுக்கட்டையையும் இறைக்கின்றனர். அமாவாசை நள்ளிரவு ஊஞ்சல் விழாவுக்குப் பேய் பிடித்ததாக நம்பப்படுவோரை உறவினர் அழைத்து வருகின்றனர். அவர்களுட் பெண்கள் மிகுதி. இல்லத்தில் வாய்திறக்க இயலாத துயர், பேயின் குரலாக அங்கே வெளிப்படுகிறது என்று கருத இடமுண்டு. பசித்த கபாலத்துக்குச் சோறிட்டு அடக்கிய கதைக்கும், வாயற்றவரின் துயரைக் கேட்டு ஆற்றும் இவ்வழக்குக்கும் உள்ள ஒற்றுமை எண்ணத்தக்கது.

பேயச்சம் நீங்குதல் நன்றே. சாத்தனாரும் அதனையே விரும்பினார். ஆனால் அச்சம் காத்து வந்த நிலத்தை அறிவு காக்கத் தவறுமாயின் இழப்பு நம்முடையது. ஈமக்காட்டுக் கற்கள் வீட்டுக் கடைக்காலுக்குப் போகின்றன. தாழிகள் ஏர்முனையிலும் மண்வெட்டியிலும் உடைகின்றன. இன்னொன்றையும் மறைத்தல் ஆகாது. நம் ஊர்களில் இடுகாடும் சாதிக்கொன்றாய்ப் பிரிந்து கிடக்கிறது. பிணம் செல்லும் வழிக்காகவும் பூசல் நிகழ்கிறது. எந்த இடுகாட்டின் கதை எழுதப்பட்டது, எது எழுதப்படவில்லை என்பதிலும் அப்பிரிவு படிந்துள்ளது.

நம் வட்டத்துக் கவிஞர் பெருமக்கள் இப்பத்தாண்டில் உயிருள்ளோர்க்குப் பல பாடியுள்ளனர். ஒவ்வொருவரும் தம் ஊர்ச் சுமைதாங்கியில் பெயர் பொறித்திருப்பின் அதனைப் படியெடுத்தும், இடுகாட்டுக் கதையை முதியோர் வாய்மொழியாகக் கேட்டு எழுதியும் வைப்பாராயின், அடுத்த பத்தாண்டில் ஒரு சிறு நூலுக்கு அது போதும். எழுதப்பட்ட பெயர் எதுவும் பேயாக அலைவதில்லை.