உணர்ச்சித் தளம்பல் (ஆளுமைக் கூறு)

பதகளிப்பு, எரிச்சல், குற்றவுணர்வு, துயரம் ஆகியவற்றுக்கு எளிதில் ஆட்படும் ஆளுமை இயல்பு. உளவியலாளர் ஐசென்க் இதை ஆளுமையின் அடிப்படைப் பரிமாணங்களுள் ஒன்றாக வகுத்தார். நோயன்று, எல்லாரிடமும் கூடியோ குறைந்தோ உண்டு. 339 பேர் ஆறு வாரம் எழுதிய நாட்குறிப்புகளைக் கொண்டு போல்கரும் ஷில்லிங்கும் 1991இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது: இவ்வியல்பு மிகுந்தோரின் அன்றாடத் துயரத்துக்கு, தொல்லைகளை அடிக்கடி சந்திப்பதைவிட அவற்றுக்குக் கூடுதலாகக் கலங்குவதே பெரிய காரணம்.

கிழக்கிலங்கையில் கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடைப்பட்ட குருக்கள்மடம் போன்ற ஊர்களில் இதை அளப்பவர் அவசரப்படலாகாது. உள்நாட்டுப் போரையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் கண்ட கரையில், கடல் இரைந்தால் ஒருவர் திடுக்கிடுவது பிறவிக் குணமாகத்தான் இருக்க வேண்டுமென்றில்லை. வினாக்கொத்தோ பிறவிக் குணத்துக்கும் பட்டறிந்த அச்சத்துக்கும் ஒரே புள்ளியைப் போட்டுவிடக்கூடும்.